கால்குலேட்டர் ஜெயித்த புதன்கிழமை

டிசர்டேஷனில் மூணாவது சாப்டர் எழுத வேண்டிய நேரத்தில் இதை எழுதிக்கிட்டு இருக்கேன். என் கைடுக்குத் தமிழ் தெரியாது என்கிற தைரியம்தான் :-)

கொஞ்சம் நீளமான பதிவு. பாய்மரப் படகு பற்றியது. "உனக்கும் படகுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: போன அக்டோபர் வரைக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. கொடைக்கானல் ஏரியில் அப்பாவோடு மிதிச்ச பெடல் போட் தவிர வேறு படகு தெரியாத திருச்சிக்காரி நான். இங்கே இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ் படிக்க வந்த முதல் வாரம், யுனிவர்சிட்டி மைதானத்தில் ஒவ்வொரு சொசைட்டியும் ஸ்டால் போட்டு ஆள் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. செய்லிங் ஸ்டாலில் ஓசியில் சாக்லேட் கொடுத்தாங்க. பேர் கொடுத்தேன். அவ்வளவுதான் கதை.

அப்புறம் குளிர்காலம் பூரா ஒரு நீர்த்தேக்கத்தில் கவிழ்ந்து கவிழ்ந்து எழுந்தேன். ஏப்ரலில் இருந்து புதன்கிழமை சாயங்கால ரேஸில் கலந்துக்கிறேன். கோடையில் இங்கே ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால் வேலை முடிஞ்சு வந்து ரேஸ் விடுறாங்க. அந்த ரேஸை வெச்சுத்தான் இப்போ சண்டை.

ஓடுறது எல்லாம் டிங்கி, அதாவது ஒருத்தரோ ரெண்டு பேரோ உட்கார்ந்து ஓட்டுற சின்னப் பாய்மரப் படகு. எங்க கிளப்பில் பத்து விதம் இருக்கு. லேசர், டாப்பர், என்டர்பிரைஸ், மிரர், சோலோ, புதுசா ரெண்டு ஆர்எஸ் ஏரோ. எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். வேகமான படகு முன்னாடி போயிடும், மெதுவான படகு பின்னாடி வரும். அப்போ யார் ஜெயிச்சது?

அதுக்குத்தான் போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்று ஒரு முறை வெச்சிருக்காங்க. 1950-களின் தொடக்கத்தில் இருந்து இந்த நாட்டில் புழக்கத்தில் இருக்கு, ராயல் யாட்டிங் அசோசியேஷன் நடத்துது. ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஒரு நம்பர். நம்பர் பெரிசா இருந்தா படகு மெதுவானது. லேசருக்கு 1100 பக்கம், ஆர்எஸ் ஏரோ 7-க்கு 1065 பக்கம், டாப்பருக்கு 1370 பக்கம், மிரருக்கு 1390 பக்கம். சின்னப் பசங்க ஓட்டுற ஆப்டிமிஸ்டுக்கு 1640 பக்கம். வருஷா வருஷம் கொஞ்சம் மாறும். ரேஸ் முடிஞ்சதும் நீங்க எடுத்துக்கிட்ட நேரத்தை 1000-ஆல் பெருக்கி, உங்க படகு நம்பரால் வகுக்கணும். வர்ற விடைதான் உங்க 'திருத்திய நேரம்'. அதில் யார் குறைச்சலோ அவங்கதான் முதல்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நடந்தது இது. எங்க டீம் கேப்டன் லேசரில் 48 நிமிஷத்தில் முடிச்சான். தண்ணியில் அவன்தான் முதல், அவனுக்கு அடுத்த லேசர் ரெண்டு நிமிஷம் பின்னாடி. படகைக் கரை ஏத்தி, துணி மாத்தி, டீ குடிச்சுக்கிட்டு இருக்கான். அப்போ சிவப்புப் பாயோட ஒரு மிரர் ஆடி அசைஞ்சு வந்து கோட்டைத் தாண்டுது. சரியா ஒரு மணி நேரம். அதை ஓட்டினவருக்கு எழுபது வயசுக்கு மேல, கூட ஒன்பது வயசுப் பேத்தி. (இங்கே எவ்வளவு வயசானவரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணுமாம். வாயால் கூப்பிட்டுடுவேன், மனசுக்குள்ள அவர் தாத்தாதான்.)

கணக்குப் போட்டாங்க. 48-ஐ 1000-ஆல் பெருக்கி 1100-ஆல் வகுத்தா 43 நிமிஷம் 38 வினாடி. 60-ஐ 1000-ஆல் பெருக்கி 1390-ஆல் வகுத்தா 43 நிமிஷம் 10 வினாடி. தாத்தாவும் பேத்தியும் 28 வினாடியில் ஜெயிச்சுட்டாங்க. அந்தக் குட்டி போட்ட ஆட்டத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. நான் எட்டாவது. அது எப்பவும் போல.

கேப்டனுக்கு முகம் சுருங்கிடுச்சு. "இன்னைக்கு ஜெயிச்சது படகும் இல்ல, ஆளும் இல்ல, கால்குலேட்டர்" என்றான். அடுத்த நாளே கிளப் கமிட்டிக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்துட்டான்: அடுத்த சீசனில் இருந்து புதன்கிழமை ரேஸ் லேசருக்கு மட்டும். எல்லாருக்கும் ஒரே படகு, கோட்டை முதலில் தாண்டுறவர் முதல். வர்ற வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. மாணவர் உறுப்பினர்களுக்கும் ஓட்டு உண்டு. எங்க சொசைட்டியிடம் இருக்கிறது நாலு லேசர், ஆகவே எங்க எல்லாரோட ஓட்டும் அவனுக்குத்தான் என்று அவன் நெனச்சிருந்தான். நான் மாட்டேன்னு சொல்லிட்டேன்.

எனக்குப் படகு கத்துக்கொடுத்தவனே அவன்தான். டிசம்பர் குளிரில் என்னைத் தண்ணியில் இருந்து ரெண்டு தடவை தூக்கிப் போட்டவன். அதனால் இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குது.

முதலில் அவன் பக்க நியாயத்தைச் சொல்லிடறேன். ஒரே மாதிரி படகில் ஓட்டினால்தான் சீக்கிரம் கத்துக்க முடியும். இது நூத்துக்கு நூறு உண்மை. பக்கத்தில் அதே படகு, அதே பாய், அதே காற்று, அவன் மட்டும் முன்னாடி போறான்னா தப்பு என்னிடம்தான். பாயை இழுத்தது அதிகமா, உட்கார்ந்த இடம் தப்பா என்று உடனே தெரிஞ்சிடும். ஏரோ என்னைத் தாண்டிப் போனா என்ன கத்துக்க முடியும்? அது வேகமான படகு, போகுது. ஒலிம்பிக்ஸில் இதனால்தான் ஒவ்வொரு பிரிவிலும் ஒரே வகைப் படகு. நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் 2021-ல் தகுதி பெற்று, டோக்கியோவில் 35-வதா வந்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 21-வதா வந்தாங்க. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் டோக்கியோவில் 20, பாரிஸில் 18. ரெண்டு பேரும் ஓட்டினது லேசர் குடும்பப் படகுதான் (2019-ல் இருந்து அதுக்கு ஐ.எல்.சி.ஏ என்று பேர், ஆனா கிளப்பில் யாரும் அப்படிச் சொல்றதில்லை). அந்த 35-ம் 21-ம் அப்படியே ஒப்பிடக்கூடிய நம்பர். நடுவில் கால்குலேட்டர் இல்லை.

அடுத்து, அந்த நம்பரில் ஓட்டை இருக்கு என்கிறதும் உண்மை. எங்கே ஓட்டை என்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். இதுதான் எனக்கு இந்த விவகாரத்தில் பிடிச்ச பகுதி.

சாதாரணமா ஒரு படகு தண்ணியைத் தள்ளிக்கிட்டுப் போகும்போது அதோட நீளம்தான் அதோட வேக எல்லை. முன்னாடி ஒரு அலை, பின்னாடி ஒரு அலை எழும்பும், படகு அந்த ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கும். எல்லை வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. லேசர் 4.2 மீட்டர், மிரர் 3.3 மீட்டர். வர்க்கமூலம் எடுத்து வகுத்துப் பாருங்க, லேசர் ஏறத்தாழ 13 சதவீதம்தான் வேகம். ஆனா பட்டியல் நம்பர்படி லேசர் 26 சதவீதம் வேகமாப் போகணும். அந்த மிச்ச 13 எங்கே இருந்து வரும்? பலமான காற்றில் இருந்து வரும். காற்று ஏறினா லேசர் தன்னோட அலை மேலயே ஏறி, தண்ணி மேல வழுக்கிக்கிட்டு ஓட ஆரம்பிக்கும். அப்போ நீளக் கணக்கெல்லாம் செல்லாது. வெறும் 59 கிலோ உடம்பு அதுக்கு. மிரரில் ரெண்டு பேர் உட்கார்ந்திருப்பாங்க, மூக்கும் மொட்டையா வெட்டின மாதிரி இருக்கும், அது அவ்வளவு சுலபமா வழுக்காது.

ஆக அன்னைக்குப் புதன்கிழமை மிதமான காற்று. லேசரால் வழுக்க முடியலை. பலமான காற்றையும் சேர்த்துப் போட்ட நம்பரை வெச்சு மிதமான காற்றில் கணக்குப் பார்த்தா மிரருக்கு லாபம். அதுக்கு முந்தின மாசம் மரம் ஆடுற காற்றில் அதே தாத்தா கடைசியா வந்தார், திருத்திய நேரத்திலும் கடைசி. அன்னைக்கு கால்குலேட்டர் தோத்துச்சுன்னு யாரும் தீர்மானம் எழுதலை!

இன்னொரு ஓட்டை. இந்த நம்பர் படகை அளந்து வர்றதில்லை. கிளப்புகள் அனுப்புற ரேஸ் முடிவுகளில் இருந்து வருது. அதாவது இதுவரைக்கும் அந்தப் படகை ஓட்டினவங்க எவ்வளவு வேகமா ஓட்டினாங்களோ, அதுதான் அந்தப் படகோட நம்பர். கெட்டிக்காரங்க மட்டும் ஓட்டுற படகு, நிஜத்தில் இருக்கிறதை விட வேகமானதாத் தெரியும். எல்லாரும் கத்துக்கிற படகுக்குச் சலுகை கிடைக்கும். நம்பர் தாராளமா இருக்கிற படகைத் தேடிப்பிடிச்சு வாங்குறவங்களும் உண்டு, இங்கே அந்தப் படகுக்குச் செல்லப் பெயர் 'பேண்டிட்', கொள்ளைக்காரன்!

நமக்கு இது புதுசா என்ன? என்ஜினியரிங் கவுன்சலிங்கில் நான் சி.பி.எஸ்.இ., எதிர்வீட்டுப் பொண்ணு ஸ்டேட் போர்டு. என் போர்டில் எடுத்த அதிகபட்ச மார்க்கை அவ போர்டோட அதிகபட்ச மார்க்குக்குச் சமமா வெச்சு, என் மார்க்கை மாத்திக் கணக்குப் போட்டாங்க. எனக்கு அரை மார்க் ஏறிச்சு. அவங்க அம்மா ஒரு வருஷம் எங்க அம்மாவோட சரியாப் பேசலை. ரெண்டு வேற பரீட்சை எழுதினவங்களை ஒரே வரிசையில் நிறுத்தணும்னா ஏதோ ஒரு கணக்கு வேணும், அந்தக் கணக்கு யாரோ ஒருத்தரை உறுத்தும். "அப்போ சி.பி.எஸ்.இ. பசங்க வேண்டாம், அவங்க வேற எங்கேயாவது போகட்டும்" என்று யாராவது சொன்னா ஒத்துக்குவோமா?

கிரிக்கெட்டைப் பாருங்க. நான் பிறக்கிறதுக்கு முன்னாடி, 1992 உலகக் கோப்பை அரையிறுதி, சிட்னி. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் வேணும். மழை வந்தது. மழை நின்னு பார்த்தா மிச்சம் ஒரே ஒரு பந்து. அப்பா இப்பவும் அந்தக் கதையைச் சொல்லுவார். அதுக்காக மழை வந்தா மேட்ச்சே வேண்டாம்னு சொல்லலை. நல்ல கணக்கைத் தேடினாங்க. டக்வொர்த்-லூயிஸ் வந்தது, 2014-ல் ஸ்டெர்ன் என்பவர் அதைத் திருத்தினார், அவர் பேரும் சேர்ந்தது. இன்னும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கோம், இன்னும் விளையாடிக்கிட்டுத்தான் இருக்கோம்.

படகுக் கணக்கையும் திருத்த முடியும். அமெரிக்காவில் இதே போர்ட்ஸ்மத் முறைக்கு காற்றின் பலத்துக்கு ஏத்த மாதிரி தனித்தனி நம்பர் வெச்சிருக்காங்க. மிதமான காற்றுக்கு ஒண்ணு, பலமான காற்றுக்கு ஒண்ணு. இங்கேயும் அசோசியேஷனே சொல்லுது, உங்க தண்ணிக்கு ஏத்த மாதிரி கிளப்பே நம்பரை மாத்திக்கலாம் என்று. எங்க கிளப்பில் அதை யாரும் செஞ்சதில்லை. எக்செல் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தா போதும். (நான் உட்காரத் தயார். மூணாவது சாப்டரை விட இது சுவாரசியம்.) நம்பர் மேல கோபம்னா மாசத்தில் ஒரு தடவை துரத்தல் ரேஸ் வைக்கலாம். மெதுவான படகு முதலில் கிளம்பும், வேகமான படகு கடைசியில், குறிச்ச நேரம் முடியும்போது யார் முன்னாடி இருக்காங்களோ அவங்க முதல். எப்போ கிளம்பணும் என்கிறதுக்குக் கணக்கு உண்டு, ஆனா முடிவு கண்ணுக்கு முன்னாடி தெரியும். லண்டன் பக்கத்தில் ஜனவரிக் குளிரில் 'பிளடி மேரி' என்று பெரிய ரேஸ் இப்படித்தான் நடக்குது. லேசருக்குத் தனியாப் பரிசு கொடுக்கிறதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஐந்து நிமிஷம் முன்னாடி அவங்களைக் கிளப்பி விட்டா ஆச்சு.

கேப்டனிடம் இதெல்லாம் சொன்னேன். "ஒரே படகுன்னா இந்தத் தலைவலியே இல்லையே?" என்றான். இருக்கே! நான் 56 கிலோ. லேசரோட பெரிய பாய் 7 சதுர மீட்டர். 80 கிலோ ஆள் வெளியே சாஞ்சு அந்தப் பாயை நிமிர்த்திப் பிடிப்பான், நான் அதே காற்றில் பாயைத் தளர்த்தி விட்டுட்டு, சாமி எல்லாத்தையும் கூப்பிடுவேன். சின்னப் பாய் ஒண்ணு இருக்கு, 5.76 சதுர மீட்டர். அதைப் போட்டா படகு என் கைக்குள்ள நிக்கும். ஆனா கோட்டை முதலில் தாண்டுறவர்தான் முதல்னா அதுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. அதோட எங்க சொசைட்டிப் பாய் நாலும் துவைச்சுத் துவைச்சுப் போன வேட்டி மாதிரி தொய்ஞ்சு கிடக்கு. கேப்டன் சொந்தக் காசில் புதுப் பாய் வாங்கியிருக்கான். ஒரே படகுதான், ஆனா ஒரே ரேஸ் இல்லை. ஹேண்டிகேப் ரேஸில் அநியாயம் காகிதத்தில் எழுதி இருக்கு, எல்லாரும் பார்த்துத் திட்டலாம். ஒரே படகு ரேஸில் அது எடையிலும் பர்ஸிலும் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு.

எனக்கு இதை விடப் பெரிசாத் தோணுறது அந்த மிரர்தான். அது என்ன படகு தெரியுமா? 1963-ல் இந்த நாட்டுப் பத்திரிகை ஒண்ணு, டெய்லி மிரர், படகு என்றாலே பணக்காரங்க சமாச்சாரம் என்கிற நிலைமை மாறணும்னு கொண்டு வந்தது. பேரும் அதனால்தான், சிவப்புப் பாயும் அதனால்தான். பிளைவுட் துண்டுகளைப் பெட்டியில் போட்டு விப்பாங்க, செப்புக் கம்பியால் தைச்சு, இணைப்பை ஒட்டி, வீட்டிலேயே செஞ்சுக்கலாம். அன்னைக்கு விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். எழுபதாயிரத்துக்கு மேல ஓடியிருக்கு. தாத்தாவோட படகு அவரும் அவங்க அப்பாவும் கார் ஷெட்டில் தைச்சது. பேத்தி உட்கார்ற பலகையில் ஒரு ஆணி கொஞ்சம் கோணலா இருக்கும், அது அவர் பையனா இருக்கும்போது அடிச்சதாம், மாத்தவே விடமாட்டேங்கிறார்.

லேசரும் நல்ல படகுதான், குறை சொல்லலை. புரூஸ் கிர்பி என்கிற கனடாக்காரர் போனில் பேசிக்கிட்டே கிறுக்கின படத்தில் பிறந்து, ரெண்டு லட்சத்துக்கு மேல ஓடுது. ஆனா எழுபது வயசு முழங்காலை வெச்சுக்கிட்டு லேசரில் குனிஞ்சு நிமிர முடியாது. ஒன்பது வயசுக் குட்டியை அதில் கூட்டிக்கிட்டு ரேஸ் போகவும் முடியாது. என்டர்பிரைஸ் ஓட்டுற கணவன் மனைவி ரெண்டு பேரும் வாரத்தில் பேசிக்கிறதே புதன்கிழமைதான்னு சொல்லுவாங்க (பாதி திட்டுதான்). இவங்க எல்லாரும் ஒரே தண்ணியில், ஒரே நேரத்தில், ஒரே முடிவுப் பட்டியலில் இருக்கிறதுக்குக் காரணம் அந்த ஓட்டை நம்பர்தான். அதை எடுத்துட்டா மிரர் கரையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். ஞாயித்துக்கிழமை வரலாமே என்கிறான் கேப்டன். ஞாயித்துக்கிழமை அந்தக் குட்டி அவ அப்பா வீட்டில் இருப்பா, அது அவனுக்கும் தெரியும்.

கடைசியா அவன் சொன்னது இது: "நீ செப்டம்பரில் கோர்ஸ் முடிச்சுட்டுப் போயிடுவ. உனக்கென்ன?" அது கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்தது. அடுத்த சீசன் எந்த ரேஸ் நடந்தாலும் நான் இங்கே இருக்கப் போறதில்லை. இருக்கப் போறவன் அவன். இருக்கப் போறவர் தாத்தாவும். எனக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்றால், என் ஓட்டை யோசிச்சுப் போட எனக்கு இன்னும் வசதிதானே? இதை அவனிடம் சொல்லலை. அந்த நேரத்துக்குத் தோணலை, வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது தோணிச்சு. எனக்கு எப்பவுமே இப்படித்தான்.

பத்து நாளா என்னோட பேசலை. போன புதன்கிழமை படகைத் தண்ணிக்கு இறக்கும்போது மட்டும் என் சுக்கான் சரியா மாட்டலைன்னு பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம வந்து மாட்டி விட்டுட்டுப் போனான். அன்னைக்கு நல்ல காற்று. அவன் முதல், திருத்திய நேரத்திலும் அவனே முதல். மிரர் பதினொண்ணாவது.

பி.கு.: வியாழக்கிழமை முடிவு என்ன ஆச்சுன்னு இங்கேயே எழுதறேன். இங்கே இருக்கிற நண்பர்களில் புள்ளியியல் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, பதினாறு வார ரேஸ் முடிவு என்னிடம் இருக்கு, காற்றின் வேகத்தோட. மிதமான காற்று, பலமான காற்று என்று பிரிச்சு தனி நம்பர் போடுறதுக்கு இவ்வளவு போதுமா என்று ஒரு வரி சொல்லுங்க. புதன்கிழமைக்குள்ள கிடைச்சா கமிட்டியிடம் கொடுக்கலாம்.